லெய்டனுக்கு ரயிலில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்துக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமில்தான் தங்குகிறார்கள். இரண்டு நாள் கால்வாய்க் கரைகளில் சுற்றியதும், “காலையில் போய் இரவுக்குள் திரும்பும்படி பக்கத்தில் வேறு ஊர் இருக்கிறதா?” என்று கேட்பார்கள். லெய்டன் என்று சொல்வேன். அடுத்து அவர்கள் கேட்கும் கேள்விகளும் அநேகமாக ஒன்றேபோல் இருக்கும். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எத்தனையோ ஊர்கள் இருக்க, ஏன் லெய்டன்?

நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடையில் பழைய நகரத்துக்குள் வந்துவிடலாம். பார்க்க வேண்டியவை எல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பஸ்ஸும் டாக்ஸியும் தேவைப்படாது. ஆம்ஸ்டர்டாமில் இருப்பதுபோன்ற கால்வாய்கள் இங்கேயும் உண்டு. ஆனால் அங்கே தோள் இடிக்கும் கூட்டம், இங்கே கால்வாய் ஓரத்தில் உட்கார இடம் கிடைக்கும்.

இது படிப்பவர்களின் ஊர் என்பது இன்னொரு காரணம். நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகம் 1575-இல் இங்கேதான் தொடங்கியது. ஓவியர் ரெம்பிராண்ட் 1606-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். தமிழர்களுக்கு மட்டும் உரிய மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எங்கிருந்து எவ்வளவு நேரம் ஆகும்?

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ராலிலிருந்து நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து இருபது நிமிடம்கூட ஆகாது. ஹேக்கிலிருந்து கால் மணி நேரம், ராட்டர்டாமிலிருந்து அரை மணிக்குச் சற்றுக் கூடுதல், உட்ரெக்டிலிருந்து முக்கால் மணி நேரம். ஆம்ஸ்டர்டாம், ஸ்கிபோல், ஹேக் பக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் பல ரயில்கள் உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் பதற வேண்டாம், அடுத்தது சிறிது நேரத்தில் வந்துவிடும்.

இறங்க வேண்டிய நிலையம் லெய்டன் சென்ட்ரால். ஊரில் லெய்டன் லாமன்ஸ்கான்ஸ் என்ற இன்னொரு சிறிய நிலையமும் இருக்கிறது, அங்கே இறங்கிவிட வேண்டாம்.

டிக்கெட் முன்பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டாம். உள்நாட்டு ரயில்களில் இருக்கை முன்பதிவே கிடையாது. ஏறுகிறவர்கள் காலியான இடத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். முன்கூட்டி வாங்கினால் மலிவு என்பதும் பொதுவாக இல்லை. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. போக வரச் சேர்த்து வாங்கினாலும் இரண்டு ஒருவழிக் கட்டணத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

தொடாமலே பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டை உங்களிடம் இருந்தால் அதுவே டிக்கெட். நிலையத்தின் வாயில் கதவிலோ நடைமேடைக் கம்பத்திலோ இருக்கும் கருவியில் அட்டையைக் காட்டுங்கள், ஒலி கேட்கும், கதவு திறக்கும். இறங்கும் நிலையத்திலும் அதே அட்டையைக் காட்டி வெளியே வர வேண்டும். கட்டணம் பிறகு உங்கள் கணக்கிலிருந்து தானாகக் கழியும். இப்படிப் போவது இரண்டாம் வகுப்புப் பயணம். முதல் வகுப்பில் உட்கார வேண்டுமானால் அதற்கான டிக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டும். பெட்டியின் வெளியிலும் கண்ணாடிக் கதவிலும் பெரிதாக 1 என்று போட்டிருக்கும், கவனித்து ஏறுங்கள்.

அட்டையை நம்பாதவர்கள் ரயில்வே நிறுவனமான என்.எஸ்.ஸின் செயலியில் டிக்கெட் வாங்கலாம். நிலையத்து இயந்திரத்தில் ஒருமுறைப் பயணத்துக்கான தாள் டிக்கெட்டும் கிடைக்கும், அதற்குச் சிறு கூடுதல் கட்டணம் உண்டு.

ஒரே அட்டையில் குடும்பம் முழுவதும் போகலாமா?

முடியாது. நம்மவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான். கணவர் அட்டையைக் காட்டிக் கதவைக் கடப்பார், பின்னால் வரும் மனைவியும் அதே அட்டையை வாங்கிக் காட்டுவார். கருவி அதை இரண்டாவது ஆள் என்று எடுத்துக்கொள்ளாது. முதலில் போனவர் வெளியேறிவிட்டதாகப் பதிந்துகொள்ளும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். கைபேசியில் ஓர் அட்டையும் பணப்பையில் இன்னொன்றும் இருந்தால் அவற்றை இருவர் ஒவ்வொன்றாகப் பயன்படுத்தலாம். ஆனால் நுழையும்போது கைபேசியைக் காட்டியவர் வெளியேறும்போதும் கைபேசியைத்தான் காட்ட வேண்டும். அதே வங்கிக் கணக்கின் பிளாஸ்டிக் அட்டையாக இருந்தாலும் கருவிக்கு அது வேறு அட்டை.

நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு டிக்கெட் தேவையில்லை. நான்கு முதல் பதினொரு வயது வரை உள்ளவர்களுக்கு ரெயில்ரன்னர் என்ற மலிவான நாள் டிக்கெட் உண்டு. பெரியவர்களின் வங்கி அட்டையில் பிள்ளையை அனுப்பினால் முழுக் கட்டணம் போய்விடும்.

இறங்கும்போது அட்டையைக் காட்ட மறந்துவிட்டால்?

நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று தெரியாததால், போன தூரத்துக்கு உரியதைவிடக் கூடுதலான தொகை கழியும். தண்டம் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். மறந்துபோனதை இணையத்தில் தெரிவித்துச் சரிசெய்துகொள்ளும் வழி இருக்கிறது. கதவு இல்லாத சிறு நிலையங்களில்தான் மறதி வருகிறது. லெய்டன் சென்ட்ராலில் கதவுகள் இருப்பதால் மறக்க வாய்ப்புக் குறைவு.

எந்த ரயிலில் ஏறுவது?

இன்டர்சிட்டி என்றால் பெரிய நிலையங்களில் மட்டும் நிற்கும். ஸ்பிரின்டர் என்றால் வழியில் உள்ள சிறு நிலையங்களிலும் நிற்கும். பெயரைக் கேட்டு அதுதான் வேகமான வண்டி என்று நினைத்துவிடுகிறார்கள். லெய்டனுக்கு இன்டர்சிட்டியே வசதி.

இன்டர்சிட்டி டைரக்ட் என்ற மூன்றாவது வகையிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அது ஸ்கிபோலிலிருந்து அதிவேகத் தண்டவாளத்தில் நேராக ராட்டர்டாம் போகும், லெய்டனில் நிற்காது. ஸ்கிபோலுக்கும் ராட்டர்டாமுக்கும் நடுவே கூடுதல் கட்டணமும் கேட்கும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் பலகையில் ராட்டர்டாம் என்ற பெயரை மட்டும் பார்த்து, “வழியில்தானே லெய்டன்” என்று அதில் ஏறிவிட்டேன். வயல்கள் பறந்தன, எந்த நிலையமும் வரவில்லை. ராட்டர்டாமில் இறங்கித் திரும்பி வந்தபோது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அன்று என்னுடன் வந்தவர்களுக்கு நாட்டில் அது ஒன்றே ஓய்வு நாள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வண்டி கடைசியாகச் சேரும் ஊரின் பெயர் போதாது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் வரும் வழி நிலையங்களில் லெய்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.

நடைமேடை எண்ணுடன் a, b போல ஓர் எழுத்தும் சேர்ந்து வரும். ஒரே நீண்ட நடைமேடையின் இரண்டு பாதிகளில் இரண்டு வண்டிகள் நிற்கக்கூடும் என்பதற்காக அது.

எந்தக் கிழமை நல்லது?

புதன் அல்லது சனி. அந்த இரு நாள்களில்தான் நியூவ ரைன் கால்வாயின் கரையில் சந்தை கூடுகிறது. மீன், பூ, பாலாடைக்கட்டி, காய், துணி எல்லாம் தண்ணீரை ஒட்டி வரிசையாக வைத்து விற்பார்கள். இடைக்காலத்திலிருந்து நடந்துவரும் சந்தை அது. சனிக்கிழமை கூட்டம் அதிகம், புதன்கிழமை நிதானமாக நடக்கலாம்.

திங்கட்கிழமை போக வேண்டாம், முக்கியமான அருங்காட்சியகங்களில் பல அன்று மூடியிருக்கும். அக்டோபர் 3 அன்று ஊரே திருவிழா. 1574-இல் ஸ்பானியப் படை ஊரைச் சுற்றி வளைத்து, மக்கள் பசியால் மடிந்துகொண்டிருந்தபோது, டச்சுக் கிளர்ச்சியாளர்கள் அணைகளை உடைத்து வயல்களில் வெள்ளத்தை விட்டு அதன்மேல் படகுகளில் வந்து மீட்டார்கள். மீட்க வந்தவர்கள் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அந்த நாளில் அவற்றை வழங்குகிறார்கள். கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றையும் மசித்துச் செய்யும் ஹட்ஸ்பாட்டும் அந்த நினைவில் சமைப்பதுதான். ஊர் தாக்குப்பிடித்ததற்குப் பரிசாகத்தான் மறு ஆண்டு பல்கலைக்கழகம் கிடைத்தது என்று சொல்வார்கள். விழாவைப் பார்க்க வேண்டுமானால் அன்று போங்கள். அமைதியாக ஊர் பார்க்க நினைப்பவர்கள் அந்தத் தேதியைத் தவிர்க்க வேண்டும்.

துலிப் பூக்களையும் அதே நாளில் பார்க்க முடியுமா?

ஏப்ரலில் முடியும், சிறிது திட்டமிட வேண்டும். லிஸ்ஸே ஊரிலுள்ள கியூகன்ஹோஃப் பூந்தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுப்பகுதி வரை மட்டுமே திறந்திருக்கும். அந்தக் காலத்தில் லெய்டன் சென்ட்ராலிலிருந்து 854 எண் பஸ் போகிறது. ஆனால் தோட்டத்துக்கே அரை நாள் வேண்டும். தோட்டமும் ஊரும் ஒரே நாளில் என்றால் இரண்டும் அவசரமாகிவிடும்.

பூக்களை ஒரு முறை கண்ணால் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு நான் வேறு வழி சொல்வேன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து லெய்டனுக்கு இரண்டு பாதைகள் உண்டு, ஒன்று ஸ்கிபோல் வழி, மற்றது ஹார்லெம் வழி. ஏப்ரல் நடுவில் ஹார்லெம் வழியே போகும் வண்டியில் ஏறுங்கள். ஹார்லெமைத் தாண்டிச் சில நிமிடங்களில் ஜன்னலுக்கு வெளியே சிவப்பு, மஞ்சள், ஊதா நிறங்களில் நீண்ட பட்டைகள் வரத் தொடங்கும். நெசவுக்காரர் பாவு விரித்ததுபோல இருக்கும். அந்தப் பத்து நிமிடம் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எப்படிப் போவது?

ஊர் மையத்தின் பக்கமாக வெளியே வாருங்கள். எதிர்ப்பக்கம் போனால் மருத்துவமனையும், நேச்சுராலிஸ் என்ற இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் வரும். நேராக நடந்தால் இடப்பக்கம் உயர்ந்து நிற்கும் காற்றாலை கண்ணில் படும். டி ஃபால்க் என்ற அது 1743-இல் கட்டியது. உள்ளே ஆலைக்காரர் குடும்பம் வாழ்ந்த அறைகளைப் பார்த்துவிட்டு, செங்குத்தான ஏணிப்படிகளில் மேலே போகலாம். முட்டிவலி உள்ளவர்கள் கீழே இருந்து பார்ப்பதே நல்லது.

அங்கிருந்து பேஸ்டன்மார்க்ட் சதுக்கம் வழியாக ராப்பன்பர்க் கால்வாய்க்கு வந்துவிடுங்கள். ஒரு நாளில் ஒரே ஒரு தெருவில்தான் நடக்க முடியும் என்றால் நான் இந்தக் கரையைத்தான் சொல்வேன். இரு பக்கமும் மரங்கள், வளைந்த கல் பாலங்கள், பதினேழாம் நூற்றாண்டு வீடுகள். 28-ஆம் எண்ணில் தொல்பொருள் அருங்காட்சியகம். 30-ஆம் எண் வீட்டுச் சுவரில் ஷேக்ஸ்பியரின் முப்பதாவது சானெட் எழுதியிருக்கிறது. இந்த ஊரில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட சுவர்களில் கவிதைகள் உண்டு. 1992-இல் மரினா ஸ்வெதாயெவாவின் ருஷ்யக் கவிதையோடு தொடங்கிய வேலை. மூல மொழியில், மூல எழுத்தில் எழுதுகிறார்கள். பாஷோவின் ஜப்பானியப் பாட்டும் சைரில் அன்வரின் இந்தோனேசியப் பாட்டும் உண்டு. எல்லாவற்றையும் தேடிப்பிடிக்கக் கிளம்பாதீர்கள். நடக்கும் வழியில் தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டே போனால் ஏழெட்டு தாமாகவே எதிர்ப்படும்.

ராப்பன்பர்க்கில் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தைத் தாண்டி அதன் பின்னாலுள்ள தாவரத் தோட்டத்தைப் பாருங்கள். பிறகு எதிரே உள்ள குளோக்ஸ்டேக் சந்து வழியாகப் பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்துக்குப் போகலாம். 1620-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பில்கிரிம்கள் என்ற ஆங்கிலேயச் சமயப் பிரிவினர் பதினொரு ஆண்டு வாழ்ந்தது இந்தப் பகுதியில்தான். அங்கிருந்து பிரேஸ்ட்ராட் தெருவைக் கடந்து, கூரை வேய்ந்த கோர்ன்பாலத்தைத் தாண்டினால் பர்க்ட் கோட்டை. செயற்கையாக எழுப்பிய மண்மேட்டின் மேல் வட்டமான சுற்றுச்சுவர், அவ்வளவுதான் கோட்டை. ஏறக் கட்டணம் கிடையாது. மதில்மேல் நின்று பார்த்தால் ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே இரண்டு பெரிய தேவாலயங்கள் கப்பல்கள்போல நிற்பது தெரியும். திரும்பும்போது கடைத்தெருவான ஹார்லெமர்ஸ்ட்ராட் வழியாக நிலையத்துக்கு வந்துவிடலாம்.

நிறுத்தாமல் நடந்தால் இந்தச் சுற்றுக்கு ஒரு மணி நேரம் போதும். நின்று நின்று பார்த்து நடந்தால் ஒரு பகல் முழுவதும் வேண்டும்.

ஒரே ஓர் அருங்காட்சியகம் என்றால் எது?

குழந்தைகள் உடன் வந்தால் நேச்சுராலிஸ். டிரிக்ஸ் என்று பெயரிட்ட டைரனோசாரஸின் எலும்புக்கூட்டின் கீழே நிற்கும் பிள்ளைகளை வெளியே அழைத்து வருவதே பெரும்பாடு. பெரியவர்கள் மட்டும் என்றால் தொல்பொருள் அருங்காட்சியகம். அதன் நுழைவு மண்டபத்திலேயே எகிப்தின் தாஃபா கோவில் முழுதாக நிற்கிறது. அஸ்வான் அணையால் நூபியப் பகுதி நீரில் மூழ்க இருந்தபோது, அங்கிருந்த சின்னங்களைக் காப்பாற்ற உதவியதற்காக எகிப்து கொடுத்த பரிசு அது. கல்லைக் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள்.

அறிவியல் படித்தவர்கள் புர்ஹாவ அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். இயற்பியலாளர் கேமர்லிங் ஓன்னஸ் 1908-இல் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கியதும், 1911-இல் மின்சாரம் தடையே இல்லாமல் பாயும் மீக்கடத்தலைக் கண்டதும் இந்த ஊரில். அந்தக் கருவிகள் அங்கே இருக்கின்றன. லேயுவன்ஹுக் கையால் செய்த நுண்ணோக்கியை நேரில் பார்த்தால் திகைப்பு வரும். விரல் நீளம்கூடப் பெரிதாகாத ஓர் உலோகத் தகடு, அதில் ஒரு சிறு கண்ணாடிமணி. இதை வைத்துக்கொண்டுதான் அவர் நுண்ணுயிர்களைப் பார்த்தார்.

இரண்டுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். மூன்றாவதில் கால்கள் மட்டும்தான் நடக்கும், கண் எதையும் வாங்காது.

தாவரத் தோட்டத்துக்குப் போவது பயனுள்ளதா?

எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம் அது. 1590-இல் தொடங்கிய தோட்டம். குளூசியஸ் என்ற தாவர அறிஞர் 1593-இல் வந்து நட்ட துலிப்புகள் மறு ஆண்டு பூத்தன. இந்த நாட்டின் துலிப் கதையை அங்கிருந்துதான் எண்ணுகிறார்கள். தோட்டத்தின் மிகப் பழைய மரம் 1601-இல் நட்டது. டச்சு மொழியில் பொன்மழை என்று பொருள்படும் பெயர் அதற்கு. மே மாதக் கடைசியில் பூத்துக் குலுங்கும்போது, நம்மூர்ச் சரக்கொன்றையே இங்கே வந்துவிட்டதா என்று தோன்றும். அதே மஞ்சள், அதேபோல் தொங்கும் சரம்.

கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்துவிடும். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் வாழை இலையும் ஈர மண் வாசமும். ஜனவரிக் குளிரில் அந்த வாசத்துக்காகவே நான் போயிருக்கிறேன்.

இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. இத்தோட்டத்தைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நடத்திய பால் ஹெர்மன், அதற்கு முன் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் பணியாற்றிச் செடிகளைச் சேகரித்தவர். அவர் உலர்த்தி ஒட்டிவைத்த அந்தச் செடிகளைக் கொண்டுதான் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை எழுதினார்.

லெய்டன் செப்பேடுகளைப் பார்க்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு உடனே பிடித்துவிடும். தமிழர்களுக்கு மட்டும் உரிய காரணம் என்று முதலில் சொன்னது இதுதான். பள்ளிப் புத்தகத்தில் லெய்டன் என்ற சொல்லைப் படித்து, அது ஓர் ஊர் என்று தெரியாமலே வளர்ந்தவர்கள் நம்மில் பலர்.

ஆனைமங்கலம் செப்பேடுகள் என்றும் இவற்றைச் சொல்வார்கள். பெரிய தொகுதியில் 21 ஏடுகள், சிறியதில் 3. ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளிக்கு, முதலாம் ராஜராஜன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அளித்தான். அந்தக் கொடையைச் செம்பில் வெட்டுவித்தவன் மகன் ராஜேந்திரன். வடமொழிப் பகுதி ஒன்று, தமிழ்ப் பகுதி ஒன்று. பெண் யானையை நடத்தி ஊரின் எல்லையைக் குறித்த செய்தியும் அதில் வருகிறது. சிறிய தொகுதி முதலாம் குலோத்துங்கன் காலத்தது. சைவ அரசன் ஒருவன், கடல் கடந்த நாட்டு அரசன் கட்டிய புத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்ததற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையில் இருந்தது. அவர்களோடு கடல் கடந்த ஏடுகள் கடைசியில் இந்தப் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் வந்து சேர்ந்து, நீண்ட காலம் பாதுகாக்கப்பட்டு வந்தன. இந்தியா அவற்றைத் திரும்பக் கேட்டது. அந்த விகாரத்தில் எஞ்சியிருந்த கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டுவிட்டதை நினைத்தால், ஏடுகள் ஊர் திரும்ப வேண்டும் என்றவர்களின் பக்கமே என் மனமும் நின்றது.

பார்ப்பதைப் பற்றி: இவை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்து வருவோர் போவோர்க்குக் காட்டிய பொருள்கள் அல்ல, நூலகச் சிறப்புச் சேகரிப்பில் ஆய்வாளர்களுக்காக வைத்திருந்தவை. எனவே செப்பேட்டைப் பார்த்தே தீருவேன் என்ற நம்பிக்கையோடு ஒரு நாள் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். நான் உறவினர்களை ராப்பன்பர்க் பாலத்தில் நிறுத்தி, எதிரே தெரியும் பல்கலைக்கழகக் கட்டடத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொல்வேன். நாகப்பட்டினத்தில் பிறந்த என் பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். அன்று அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் பார்க்க விரும்பவில்லை.

சைவ உணவு கிடைக்குமா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி எங்கும் உண்டு. பான்கேக் கடைகளில் ஆப்பிள் போட்டது கேளுங்கள். இந்தோனேசியக் கடைகளில் கடோ கடோ (நிலக்கடலைக் குழம்பு ஊற்றிய காய்கறி), டெம்பே (புளிக்கவைத்த சோயா) கிடைக்கும், இறால் விழுது சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவில் டச்சுக்காரர் ஆண்ட சுரினாமிலிருந்து வந்தவர்களின் ரொட்டிக் கடைகளில் உருளைக்கிழங்கும் காராமணியும் வைத்த சைவ ரொட்டி நம் நாக்குக்கு மிக நெருக்கமாக இருக்கும். தமிழர்களைப் போலவே ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய வட இந்தியர்களின் வழியில் வந்த சமையல் அது. குரோக்கெட் என்று விற்பதில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும்.

சந்தையில் லெய்டன் பாலாடைக்கட்டியைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய பக்கத்தில் கரும்பழுப்புப் புள்ளிகளாகத் தெரிவது சீரகம். கடைக்காரர் கத்தியின் நுனியில் ஒரு மெல்லிய சீவலை நீட்டுவார். முதலில் உப்பு, பிறகு மெல்ல மெல்லச் சீரகம் வாயில் விரியும். பண்ணையில் செய்த நல்ல வகையின் தோலில் இரண்டு சாவிகள் குறுக்காகப் பொறித்திருக்கும், அது லெய்டன் நகரத்தின் சின்னம். கண்டிப்பான சைவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த நாட்டுப் பாலாடைக்கட்டிகளில் பாலை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்ப்பது வழக்கம். தாவர நொதியில் செய்தவையும் தனியே கிடைக்கின்றன.

குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம். பல கடைகளில் ரொக்கம் வாங்குவதில்லை.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறது, ஊர் சமதளம். சிரமம் தருபவை இரண்டுதான், ஒன்று கருங்கல் பாவிய சந்துகள், மற்றது பர்க்ட் மேட்டின் படிகள். கோடையில் பேஸ்டன்மார்க்டிலிருந்து கிளம்பும் கால்வாய்ப் படகில் அவர்களை உட்கார வைத்துவிட்டால், நடக்காமலே பாதி ஊரைப் பார்த்துவிடுவார்கள். சக்கர நாற்காலியோடு வருகிறவர்கள் ரயிலில் ஏற்றி இறக்கும் உதவியை முன்கூட்டியே கேட்டுப் பெறலாம்.

நடக்கும்போது செந்நிறத் தரையில் கால் வைக்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லி வையுங்கள், அது சைக்கிள் பாதை. மாணவர்கள் நிறைந்த ஊரில் சைக்கிள்கள் சத்தமில்லாமல், வேகமாக வரும்.

மழை பெய்தால்?

பெய்யும். குடையைக் காற்று திருப்பிவிடும், தலைமூடி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அரை மணியில் விட்டுவிடும். அருங்காட்சியகத்தை எந்த நேரத்தில் பார்ப்பது என்று முன்கூட்டி முடிவு செய்யாமல், மழை வரும்போது உள்ளே போவதுதான் என் வழக்கம்.

அதே நாளில் ஹேக், டெல்ஃப்ட் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமா?

கால அட்டவணைப்படி முடியும். மூன்றும் ஒரே தடத்தில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அப்படிப் போய்வந்த உறவினர்களிடம் மறுநாள் கேட்டால், எந்தத் தேவாலயம் எந்த ஊரில் என்று அவர்களுக்கே நினைவில்லை. ஒரு நாளுக்கு ஓர் ஊர். மாலையில் நேரம் மிஞ்சினால் ராப்பன்பர்க்குக்கே திரும்பிப் போங்கள், விளக்கேற்றிய பிறகு அது வேறு தெரு.

ஸ்கிபோலில் விமானம் மாற ஏழெட்டு மணி நேரம் இருக்கிறது. போய்வரலாமா?

ஷெங்கன் விசாவோ, விசா தேவைப்படாத பாஸ்போர்ட்டோ இருந்தால் போகலாம், இல்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வர முடியாது. விமான நிலையக் கட்டடத்தின் கீழேயே ரயில் நிலையம் இருக்கிறது. கைப்பைகளை அங்கேயே பெட்டகத்தில் வைக்கலாம். குடியேற்றச் சோதனை, திரும்பிவந்து மீண்டும் பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றைக் கழித்தால் ஊரில் மூன்று மணி நேரம் கிடைக்கும். ராப்பன்பர்க், தோட்டம், பர்க்ட், இவ்வளவுதான். இடைவெளி ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் நான் போகச் சொல்ல மாட்டேன்.

ரயில் தாமதமானால், இரவு நேரமாகிவிட்டால்?

வார இறுதிகளில் தண்டவாளப் பராமரிப்பு நடக்கும், சில தடங்களில் ரயிலுக்குப் பதிலாகப் பஸ் விடுவார்கள். முந்தின இரவே செயலியில் பார்த்துவிடுங்கள். ஊர் சேர அரை மணிக்கு மேல் தாமதமானால் பாதிக் கட்டணத்தையும், ஒரு மணிக்கு மேல் போனால் முழுவதையும் திரும்பக் கேட்கலாம்.

வார நாள்களில் மாலை நான்கு மணிக்கும் ஆறரைக்கும் நடுவே வேலை விட்டுப் போகிறவர்களால் பெட்டிகள் நிரம்பியிருக்கும். அந்த நேரத்தில் நின்றுகொண்டு வருவதைவிட, ஊரிலேயே சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குப் பிறகு கிளம்பலாம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். கடைசி வண்டியை விட்டுவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். லெய்டனையும் ஸ்கிபோலையும் ஆம்ஸ்டர்டாமையும் இணைக்கும் தடத்தில் நள்ளிரவுக்குப் பிறகும் மணிக்கு ஒரு ரயில் உண்டு.